அத்தியாயம் 5: இடக்கைக்குரிய கியர் லீவர்

ஸ்ரியறிங்கும் பெடலும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டால் அடுத்த ஆசை கியர் லீவர்தான். கடைக்காரர்கள் ஷிப்டர் என்று சொல்லும் இந்தச் சாதனத்தை அவசரப்பட்டு வாங்கி, கொஞ்ச நாள் பாவித்துவிட்டு மேசைக்குக் கீழே தள்ளிவிடுபவர்கள் பலர். பெரும்பாலும் பிழை சாதனத்தில் இல்லை. எந்த வண்டியை ஓட்டப்போகிறோம் என்று தீர்மானிக்காமல் வாங்கியதே பிழை. அந்தத் தீர்மானத்தில் தொடங்கி, வாங்குதல், பூட்டுதல், பழகுதல், பராமரித்தல் என்ற ஒழுங்கில் இந்த அத்தியாயம் போகும்.

கொடிகாமத்தில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தெற்கே கச்சாய்ப் பக்கமிருந்து கடல்நீரேரிக் காற்று வருகிறது. வளவெல்லாம் மணல். வெய்யிலோ சொல்லத் தேவையில்லை. இறக்குமதிச் சாதனமொன்று பழுதானால் உதிரிப்பாகம் வந்துசேர நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். குளிர் நாட்டு வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்படும் ஆலோசனைகள் இங்கே அப்படியே பொருந்தா.

முதலில் வண்டி, பிறகு லீவர்

கியர் மாற்றும் முறைகள் மூன்று. ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கும் தட்டுகளை விரலால் இழுப்பது ஒன்று. முன்னும் பின்னும் மட்டும் அசையும் லீவரால் ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்குவது இரண்டாவது, இது சீக்குவென்ஷல். ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி இடமுள்ள, றோட்டில் நாம் காணும் வழமையான லீவர் மூன்றாவது. இது எச் வடிவம்.

போர்முலா 1 இல் விரல் தட்டைக் கொண்டுவந்தது ஃபெராரி 640. 1989 இல் பிரேசிலில் அது ஓடிய முதற் போட்டியிலேயே நைஜல் மன்சல் அதில் வென்றார். சில ஆண்டுகளுக்குள் மற்ற அணிகளும் கை லீவரைக் கழற்றிவிட்டன. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணியில் ஓட்டியதும், சென்னை கருண் சந்தோக் 2010 இல் ஓட்டியதும் தட்டு வண்டிகளே. அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்தப் போர்ஷே 911 ஜிடி3 கப் காரிலும் கியர் ஸ்ரியறிங்கில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் போட்டியைப் பார்த்து ஆசைப்பட்ட தம்பிமார் கியர் லீவருக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். உங்கள் ஸ்ரியறிங்கோடு வந்த தட்டுகளே போதும். மிச்சக் காசைப் பெடலுக்குப் போடுங்கள்.

சீக்குவென்ஷல் லீவர் றலிப் பிரியர்களுக்கு உரியது. உலக றலிப் போட்டியின் உச்சப் பிரிவுக்கு 2022 இல் வந்த றலி1 கார்களில் விரல் தட்டை நீக்கிவிட்டு ஐந்து கியர் சீக்குவென்ஷல் லீவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டேர்ட் றலி 2.0 போன்ற விளையாட்டுகளில் மண் பாதையில் ஓடும்போது ஸ்ரியறிங் அடிக்கடி அரைவட்டம் சுழலும். அந்த நேரத்தில் வலது தட்டு எங்கே, இடது தட்டு எங்கே என்று விரல் தேடும். லீவரோ எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். றலிக்கு லீவர் வாங்குவதற்கு உண்மையான காரணம் இதுதான்.

எச் வடிவம் மற்ற எல்லாவற்றுக்கும்: பழைய பந்தயக் கார்கள், றோட்டுக் கார்கள், லொறி, பஸ். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இதில் தனி ஈடுபாடு வருவது இயல்பு. ஒஸ்ரின் ஏ40 சோமசெற், மொறிஸ் மைனர் எல்லாம் குடாநாட்டில் பல பத்தாண்டுகள் ஓடின. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சோமசெற்றில் கியர் தடி ஸ்ரியறிங் தண்டில் இருந்தது. மைனரில் தரையில் இருந்தது. இரண்டிலும் நான்கு கியர். முதலாம் கியருக்கு சிங்க்ரோ இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை முதலாம் கியருக்கு இறக்க வேண்டுமானால் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, இடையில் இயந்திர வேகத்தைக் கூட்டிச் சமப்படுத்த வேண்டும். உங்கள் அம்மப்பாவோ பெரியப்பாவோ அந்தக் கார்களை ஓட்டியவராக இருந்தால் ஒரு பின்னேரம் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். இந்த அத்தியாயத்தின் பழகும் பகுதியில் வருவதில் பாதியை அவர் கைகாட்டிச் சொல்லித்தருவார்.

இடக்கைப் பக்கம்

நமது நாட்டில் ஸ்ரியறிங் வலப்பக்கம், கியர் இடக்கையில். ஆனால் சந்தையில் உள்ள பெரும்பாலான படங்களும் செய்முறை வீடியோக்களும் ஸ்ரியறிங் இடப்பக்கம் உள்ள நாடுகளிலிருந்து வருவதால் லீவரை வலக்கைப் பக்கம் வைத்துக் காட்டுகின்றன. அதைப் பார்த்து அப்படியே பூட்டிவிடாதீர்கள். நாளைக்கு லேனர்ஸ் போகப்போகிறவர், அல்லது ஏற்கெனவே வான் ஓட்டுகிறவர், வலக்கையில் பழகினால் அந்தப் பழக்கம் றோட்டில் குறுக்கே நிற்கும்.

இடப்பக்கம் வைப்பதால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச் வடிவத்தின் ஒழுங்கு நாட்டுக்கு நாடு புரள்வதில்லை. வழமையான லீவரில் முதலாம் கியர் எங்கும் இடப்பக்க முன்மூலையில்தான். வலப்பக்க ஸ்ரியறிங் வண்டியில் அது சாரதியைவிட்டுத் தூரமாகவும், ஐந்தாம் கியர் முழங்காலுக்குக் கிட்டவாகவும் வரும். எனவே லீவரைத் தொடைக்கு ஒட்டிப் பூட்டினால் ஐந்தும் ஆறும் போடும்போது கை காலில் முட்டும். தொடைக்கும் லீவர் குமிழுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

விளையாட்டிலும் வலப்பக்க ஸ்ரியறிங் வண்டியைத் தெரிந்தெடுங்கள். அசெற்றோ கோர்சாவில் ஜப்பானியக் கார்கள் இதற்குப் பொருத்தம். 2012 இல் வந்த யூரோ ட்ரக் சிமியுலேட்டர் 2 இல் பிரித்தானியாவும் வரைபடத்தில் இருப்பதால் றோட்டின் இடப்பக்கம் ஓட்டலாம். லொறியின் உள்ளறையையும் வலப்பக்க ஸ்ரியறிங்காக மாற்றலாம். ஏ9 இல் பஸ்ஸோ லொறியோ ஓட்டும் கனவு உள்ளவருக்கு வீட்டில் கிடைக்கும் மிகக் கிட்டிய பயிற்சி அதுதான்.

சந்தையில் கிடைப்பவை

கொழும்பிலும் இணையக் கடைகளிலும் கண்ணில் படுபவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். விலை டொலரோடும் வரியோடும் ஏறி இறங்குவதால் இங்கே எழுதவில்லை. ஒன்றோடொன்று ஒப்பிட்டு மட்டும் சொல்கிறேன்.

லொஜிடெக் டிறைவிங் ஃபோர்ஸ் ஷிப்டர்: ஜி29, ஜி920, ஜி923 ஸ்ரியறிங் வைத்திருப்பவர்களுக்குரியது. ஆறு கியர், லீவரைக் கீழே அமத்தி ஆறாம் கியர் இடத்துக்கு இழுத்தால் றிவேர்ஸ். பாரம் குறைவு, விலையும் குறைவு. சீக்குவென்ஷலாக மாற்ற முடியாது. லீவர் லேசாக விழும். உண்மையான கியர்ப் பெட்டியின் கனம் இருக்காது. தொடங்குபவருக்குப் போதும்.

த்ரஸ்ட்மாஸ்ரர் ரிஎச்8ஏ: இரும்புக் கட்டுமானம், ஏழு கியரும் றிவேர்சும். மேற்தட்டைக் கழற்றி மற்றத் தட்டைப் பூட்டினால் சீக்குவென்ஷலாகும். உடலைச் சுழற்றி வேண்டிய பக்கத்துக்குத் திருப்பலாம் என்பது இடக்கைக்காரருக்குப் பெரிய வசதி. அதன் மலிவான தம்பி ரிஎச்8எஸ். அதில் எச் வடிவம் மட்டும்.

ஃபனாடெக் கிளப்ஸ்போர்ட் எஸ்கியூ, மோசா எச்ஜிபி போன்றவை: கையில் கனமாக இருக்கும், கியர் விழும்போது தெளிவான தட்டு உணரப்படும். ஃபனாடெக்கில் ஒரு சுவிச்சைத் திருப்பினால் எச் வடிவம் சீக்குவென்ஷலாகும். மோசாவில் இரண்டுக்கும் தனித்தனிச் சாதனம். ஸ்ரியறிங்கும் அதே கம்பனியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பெயரில்லாத யூஎஸ்பி ஷிப்டர்கள்: சீனாவிலிருந்து வருபவை. கணினிக்கு மட்டும் உதவும். சில திறமானவை, சில இரண்டு மாதத்தில் ஆடத் தொடங்கும். கையால் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இணைப்பை மறக்க வேண்டாம்

விளையாட்டுக் கணினியிலா, பிளேஸ்ரேஷனிலா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எந்த ஷிப்டரையும் விலை பேசாதீர்கள். கணினியில் எந்தக் கம்பனி யூஎஸ்பி ஷிப்டரும் எந்தக் கம்பனி ஸ்ரியறிங்கோடும் சேர்ந்து ஓடும். பிளேஸ்ரேஷனிலும் எக்ஸ்பொக்சிலும் அப்படியில்லை. ஸ்ரியறிங்கின் கம்பனி ஏற்றுக்கொண்ட ஷிப்டர்தான் ஓடும்.

லொஜிடெக் ஷிப்டரின் வயர் ஒன்பது ஊசிச் செருகியில் முடிகிறது, யூஎஸ்பி இல்லை. அதே கம்பனி ஸ்ரியறிங் இல்லாதவர் அதை வாங்கினால், கணினியில் பாவிக்கத் தனியாக ஒரு மாற்றி வாங்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று வாங்கி, பிறகு மாற்றிக்கு அலைபவர்கள் பலர்.

இன்னொன்று: எச் வடிவத்துக்கு மூன்று பெடல் வேண்டும். த்ரஸ்ட்மாஸ்ரர் ரி128 போன்ற தொடக்கநிலை ஸ்ரியறிங்குகளோடு வருவது அக்சிலேற்றரும் பிறேக்கும் மட்டுமே. கிளச் இல்லாமல் எச் லீவர் பாவிப்பதில் பயிற்சியும் இல்லை, சுகமும் இல்லை. அந்த நிலையில் உள்ளவர் முதலில் மூன்று பெடல் தொகுதிக்குச் சேர்க்கட்டும்.

உள்ளே இருக்கும் உணரி

கியர் விழுந்ததைச் சாதனம் எப்படி அறிகிறது என்பதில்தான் ஆயுள் தங்கியிருக்கிறது. மூன்று வழிகள் உண்டு.

சுழல் மின்தடை: லீவரின் அசைவோடு ஒரு சிறு தடி மின்தடைப் பாதைமேல் உரசிக்கொண்டு திரும்பும். லொஜிடெக்கில் இதுதான். உரசும் இடத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் மூன்றாம் கியர் போட்டது ஐந்தாகத் தெரியும். அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூற்றலுக்கு விழும்.

காந்த உணரி: காந்தத்தின் நிலையைத் தொடாமலே அறியும். ரிஎச்8ஏயில் இது உண்டு. தொடுகை இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. கடல்நீரேரிக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் ஊரில், காசு இடங்கொடுத்தால் இதையே தெரிந்தெடுங்கள்.

மைக்ரோசுவிச்: ஒவ்வொரு கியரிலும் ஒரு சிறு சுவிச். மலிவு. பழுதானால் இலத்திரனியல் கடையில் வாங்கி நீங்களே மாற்றலாம். கையால் செய்யும் ஷிப்டர்களுக்கு இதுவே பொருத்தம்.

பழைய சாமான் வாங்குவோருக்கு

பாவித்த ஷிப்டரை வாங்குவது நல்ல யோசனைதான்; ஆனால் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாதீர்கள். மடிக்கணினி ஒன்றைக் கொண்டுபோங்கள். லொஜிடெக் ஷிப்டரானால் விற்பவரின் ஸ்ரியறிங்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். விண்டோசின் தேடற் பெட்டியில் கேம் கொன்ட்ரோலர் என்று தேடினால் வரும் சோதனைப் பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு கியருக்கும் ஒரு இலக்கம் சிவப்பாக எரியும்.

பிறகு இப்படிப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் லீவரை வைத்துக்கொண்டு குமிழை இலேசாக ஆட்டுங்கள். சிவப்பு அணைந்து எரிந்தால் உணரி தேய்ந்துவிட்டது. நியூற்றலில் விட்டால் லீவர் தானாக மூன்று–நான்கு வரிசைக்கு வந்து நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே வில் களைத்துவிட்டது. மூன்றிலிருந்து நான்குக்கு விரல் நுனியால் நேரே இழுங்கள். வேறு பாதைக்கு வழுக்கினால் தட்டின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. றிவேர்சைப் பல தரம் போட்டுப் பாருங்கள். பழைய ஷிப்டர்களில் முதலில் மக்கர் பண்ணுவது அதுதான். கடைசியாக மேசையில் இறுக்கும் கிளாம்பின் திருகைக் கவனியுங்கள். பிளாஸ்ரிக் வெடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பூட்டும் முறை

எவ்வளவு விலையுயர்ந்த ஷிப்டரும் ஆடும் மேசையில் மலிவான ஷிப்டராகத்தான் நடக்கும். கை இழுக்கும்போது மேசை வளைந்தால் லீவர் போன தூரம் குறையும். கியர் அரைகுறையாக விழும். பிளாஸ்ரிக் மேசை சரிவராது. அழுத்திய மரத்தூள் பலகையில் கிளாம்பை இறுக்கினால் ஓரம் நொறுங்கும்.

தென்மராட்சியில் இதற்கு நல்ல மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பழைய வீட்டுக் கூரை பிரிக்கும்போது கழற்றும் பனஞ் சிலாகைகளை விசாரியுங்கள். முதிர்ந்த பனையின் வைரம் இரும்புபோல் நிற்கும். இரண்டு நீளச் சிலாகை, மூன்று குறுக்குத் துண்டு, ஸ்ரியறிங்குக்கு ஒரு சட்டம், இடப்பக்கம் ஷிப்டருக்கு ஒரு கை. இவ்வளவில் ஒரு ஓட்டுகூடம் எழும்பும். பனை மரத்தில் திருகாணியை நேரே முறுக்காதீர்கள், நார் பிளந்துபோகும். துரப்பணத்தால் முழுத் துளை போட்டு, நட்டும் போல்ட்டும் அகல வாசரும் வைத்து இறுக்குங்கள். பனையிலும் தென்னையிலும் வெளிப்பக்கம்தான் வைரம், நடுப்பகுதி சோறு. போல்ட் வைரத்தில் பிடிக்கும்படி மரத்தின் பக்கத்தைத் தெரிந்தெடுங்கள். வெட்டு முகங்களுக்குக் கறையான் மருந்து பூசுங்கள்.

கதிரையும் முக்கியம். சில்லு உள்ள கதிரை பிறேக் மிதிக்கும்போது சீமெந்துத் தரையில் பின்னுக்குப் போகும். உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் பழைய வான் சீற் ஒன்றைச் சட்டத்தோடு பூட்டினால் பிரச்சினை முடிந்தது. உயரத்துக்கு ஒரு சோதனை: முதுகு சீற்றில் பட்டபடி இருந்து, தோளைத் தூக்காமல், முழங்கை சற்று மடிந்த நிலையில் குமிழ் உள்ளங்கைக்குள் வர வேண்டும். முதலாம் கியருக்கு எட்டித் தோள் முன்னுக்குப் போனால் ஷிப்டரைப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டறையில் செய்விப்பது

காசு குறைவு, கைத்திறன் உண்டு என்பவர் தானே செய்யலாம். நமது ஊர்களில் லேத் பட்டறைக்கும் ஒட்டுவேலை தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. தேவையானவை: எச் வடிவப் பாதை வெட்டிய கனமான இரும்புத் தட்டு, அடியில் உருண்டை மூட்டுள்ள ஒரு தடி, நடு வரிசைக்குத் திருப்பும் இரண்டு வில், ஏழு மைக்ரோசுவிச், ஆர்டுயினோ லியனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ பலகை ஒன்று. பழைய வாகனத்தின் கியர் லீவரையே உருண்டையோடு எடுத்தால் பாதி வேலை குறையும். பாதையின் அகலம் தடியின் பருமனிலும் அரை மில்லிமீற்றர் கூட இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஆட்டம் வரும். மூலைகளை அரத்தால் சற்று உருட்டிவிடுங்கள். கை வேகமாகப் போகும்போது தடி தடக்காது.

வயர் இணைப்பு எளிது. எல்லாச் சுவிச்சின் ஒரு காலையும் சேர்த்துப் பலகையின் பொதுத் தரைக்குக் கொடுங்கள். மற்றக் காலை ஒவ்வொன்றாகத் தனித்தனி ஊசிக்குக் கொடுங்கள். பலகையிலுள்ள உள் மின்தடையை நிரலில் இயக்கிவிட்டால் வெளியே மின்தடை தேவையில்லை. இந்த இரு பலகைகளும் தம்மைக் கணினிக்கு ஜோய்ஸ்ரிக் என்று அறிமுகப்படுத்தக்கூடியவை. ஆர்டுயினோ ஊனோவுக்கு அது எளிதில் வராது. வாங்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள்.

பழகும் ஒழுங்கு

லேனர்ஸில் முதல் நாள் சொல்வது இங்கும் முதற் பாடம்: “தம்பி, கியரைப் பார்க்காதை, றோட்டைப் பார்.” விளையாட்டைத் திறக்கு முன்பே, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏற்றி இறக்கிப் பழகுங்கள்.

உள்ளங்கை பாதையைத் தெரிந்துகொள்ளும். இடக்கையால் ஒன்றும் இரண்டும் போடும்போது உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க, குமிழை உங்களைவிட்டு விலக்கித் தள்ளுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் பக்கவாட்டு விசை எதுவும் வேண்டாம். நேரே தள்ளவும் இழுக்கவும் மட்டும் செய்யுங்கள், வரிசையை வில் பார்த்துக்கொள்ளும். ஐந்துக்கு உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிக் குமிழை உங்களை நோக்கி அணைத்துத் தள்ளுங்கள். குமிழை இறுக்கிப் பிடிப்பவர்தான் பிழையான பாதைக்குப் போவார்.

கொடிகாமத்திலிருந்து வரணிப் பக்கமாகப் பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸில் முன் சீற் கிடைத்தால் சாரதியின் இடக்கையைப் பாருங்கள். அனுபவசாலி லீவரை அடிக்கமாட்டார். நியூற்றலில் ஒரு கணம் நிறுத்தி, இயந்திரச் சத்தம் இறங்க விட்டு, அடுத்த கியருக்குள் வழிய விடுவார். மாற்றி முடிந்ததும் கையை லீவரில் வைத்திருக்காமல் ஸ்ரியறிங்குக்குக் கொண்டுபோவார். இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு அமைப்புகளில் தானியங்கிக் கியர், தானியங்கிக் கிளச் இரண்டையும் நிறுத்துங்கள். யூரோ ட்ரக்கில் கியர் வகையை எச் ஷிப்டர் என்று தெரிவு செய்யுங்கள். ஆறு கியர் லீவரோடு மேல், கீழ் வரிசைக்கு ஒரு சுவிச் ஒதுக்கினால் பன்னிரண்டு கியர் லொறியும் ஓட்டலாம். சீக்குவென்ஷலில் பந்தய வழக்கம் பின்னுக்கு இழுத்தால் ஏறுவது, முன்னுக்குத் தள்ளினால் இறங்குவது. வேகம் எடுக்கும்போது உடல் பின்னுக்கும், பிறேக் பிடிக்கும்போது முன்னுக்கும் போவதால் கையும் அதே திசையில் போவது சுகம். உங்கள் சாதனம் மாறி இருந்தால் அமைப்பில் திருப்பிவிடுங்கள்.

ஏற்றுவது எளிது: அக்சிலேற்றரை விடு, கிளச்சை மிதி, லீவரை மாற்று, கிளச்சை விடு, அக்சிலேற்றரைக் கொடு. இறக்குவதுதான் கலை. பிறேக்கை மிதித்தபடியே கிளச்சை மிதித்து, வலப்பாதத்தின் ஓரத்தால் அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி, இயந்திர வேகத்தை உயர்த்தி, கீழ்க் கியரைப் போட்டுக் கிளச்சை விட வேண்டும். தட்டாமல் விட்டால் பின்சில்லு ஒரு கணம் இறுகி வண்டி சுழலும். முதலில் பிறேக் இல்லாமல், நேர் றோட்டில், நான்கிலிருந்து மூன்றுக்கு மட்டும் தட்டுப் பழகுங்கள். அது கைவந்தபின் பிறேக்கைச் சேருங்கள்.

குடாநாட்டில் மேடு பள்ளம் இல்லை. கொடிகாமத்திலிருந்து ஆனையிறவு வரை ஏ9 இல் போனால் கியரைத் தொடாமலே நெடுந்தூரம் போகலாம். கடுகண்ணாவை இறக்கத்தில் கீழ்க் கியரில் இயந்திரத்தால் வண்டியைத் தாங்கி இறங்குவது இங்கே பழக வராத வித்தை. சிமியுலேட்டரின் பெரும் பயன் இங்கேதான். ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் பழைய வளையம் 20.8 கிலோமீற்றர், மலை ஏறி இறங்கும் பாதை. வேகத்தை மறந்து, ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னே சரியான கியரைப் போட்டு, பிறேக்கைக் குறைத்து ஒரு சுற்றை முடிக்கப் பாருங்கள். கியர் எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்கு விளங்கும்.

ஒரு ஆபத்தை அறிந்திருங்கள். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கப்போய்க் கை தவறி இரண்டுக்குப் போனால் இயந்திரம் தாங்காத வேகத்துக்குச் சுழலும். விளையாட்டில் அது ஒரு போட்டியின் தோல்வி. உண்மையான வண்டியில் இயந்திரத்தின் முடிவு. இறக்கும்போது வேகத்தைவிட நிதானம் முக்கியம்.

பராமரிப்பு

கொடிகாமம் தேங்காய்க்குப் பேர்போன ஊர்; கிறீச்சிடும் எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுவது நமது வழக்கம். ஷிப்டருக்கு மட்டும் விடாதீர்கள். அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்ரிக் உராயும் இடங்களுக்குச் சிலிக்கோன் கிறீஸ், இரும்பு மூட்டுகளுக்கு வெள்ளை லித்தியம் கிறீஸ், இரண்டும் மிகச் சிறிதளவு. சுழல் மின்தடை பழுதுகாட்டினால் தொடுகை துப்புரவாக்கும் தெளிப்பானை ஒரு சொட்டு அடித்து லீவரைப் பல தரம் அசையுங்கள், பெரும்பாலும் சரிவரும்.

பாவிக்காத நேரத்தில் துணியால் மூடிவையுங்கள். மணலோடு எறும்பும் உள்ளே போகும். இரும்புப் பாகங்களை மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். கரண்ட் போய் வந்ததும் விசையுள்ள ஸ்ரியறிங் தானாகச் சுழன்று தன்னை ஒழுங்குபடுத்தும். அந்த நேரம் கையை எடுத்துவிடுங்கள், லீவரை நியூற்றலில் வையுங்கள். மின்னல் காலத்தில் செருகியைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

செலவின் ஒழுங்கு

இந்த நூலின் முந்திய அத்தியாயங்களையும் சேர்த்துச் சொன்னால், காசு போக வேண்டிய ஒழுங்கு இதுதான்: ஆடாத சட்டமும் சீற்றும், நல்ல பிறேக் பெடல், ஸ்ரியறிங், மூன்றாவது பெடல், கடைசியாகக் கியர் லீவர். இந்த ஒழுங்கை மாற்றியவர்கள் இரண்டு தரம் காசு கொடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வேண்டும் என்றும் இல்லை. நமது ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மூலையும் ஒரு கணினியும் கிடைத்தால், ஐந்தாறு பேர் காசு போட்டு ஒரு சட்டமும் ஒரு திறமான ஷிப்டரும் வைக்கலாம். லேனர்ஸ் போக முன்னம் தங்கச்சிமாரும் தம்பிமாரும் அதில் கிளச்சையும் கியரையும் பழகட்டும். றோட்டில் பெறவேண்டிய பயிற்சிக்கு அது ஈடாகாது. ஆனால் கையும் காலும் முன்கூட்டியே வழிக்கு வந்திருக்கும். திரையில் எவ்வளவு வேகமும் போங்கள். ஏ9 இல் இறங்கும்போது அந்த வேகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, கியரில் பழகிய நிதானத்தை மட்டும் கொண்டுபோங்கள்.